வெறுங்கதிரும் நிறைகதிரும்

பஞ்சை நூலாக முறுக்கும் மெல்லிய கோலுக்குத் தமிழில் கதிர் என்று பெயர். வெயிலின் கதிரையும் நெல்லின் கதிரையும் குறிக்கும் அதே சொல்தான். நூற்பாலைகளில் இதை ஸ்பிண்டில் என்கிறார்கள். லேத் பட்டறையிலும் ஸ்பிண்டில் உண்டு. தண்ணீர்க் குழாயிலும், கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலும் உண்டு. உயிரியல் பாடநூலைத் திறந்தால் செல் பிரியும் இடத்தில் கதிர்க்கோல் இழைகள் வருகின்றன. உடலின் தசைகளுக்குள் ஒரு வகைக் கதிர் இருக்கிறது, தூக்கத்தில் மூளை எழுப்பும் அலைகளில் இன்னொரு வகை இருக்கிறது.

ஒரு கருவியின் பெயர் இத்தனை இடங்களுக்குப் பரவியது இரண்டு வழிகளில். நூல் ஏறாத வெறுங்கதிர் தன் அச்சிலேயே சுழல்வது. இயந்திரம் செய்தவர்கள் அந்தச் சுழற்சியைப் பார்த்துப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நூல் நிறைந்த கதிர் நடுவில் பருத்து, இரு முனைகளிலும் கூர்ந்திருப்பது. உடலையும் செல்லையும் ஆராய்ந்தவர்கள் அந்த வடிவத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இயந்திரங்களில் ஸ்பிண்டில் எனப்படுபவை பெரும்பாலும் சுழல்கின்றன; உயிரியலில் கதிர் எனப்படுபவை சுழல்வதில்லை.

கதிரின் மிக எளிய வடிவம் தக்களி. ஒரு சாண் நீளக் கம்பி, அதன் அடியில் கோத்த ஒரு வட்டு, நுனியில் சிறு கொக்கி. வேறெதுவும் இல்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கம்பியைச் சுண்டிவிட்டால் தக்களி பம்பரம்போல் சுழலும். விரல்கள் விட்ட பிறகும் அது நிற்காமல் சுழல்வதற்குக் காரணம் அந்த வட்டு. எடை மையத்தை விட்டு விலகி விளிம்பில் இருக்க இருக்கச் சுழற்சி நெடுநேரம் நிலைக்கும். பெரிய இயந்திரங்களில் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கனத்த சக்கரம் செய்யும் வேலையை இங்கே ஒரு மண்வட்டு செய்துவிடுகிறது.

கம்பளிக்குக் கனமான கதிர் ஏற்றது. ஆட்டுமயிர் நீளமானது, எடையைத் தாங்கும். கதிரை அந்தரத்தில் தொங்கவிட்டே நூற்கலாம். பருத்தி இழை பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளமே இருப்பதால், தொங்கும் எடையில் நூல் பிரிந்துவிடும். எனவே பருத்திக்கான தக்களி மெலிந்தது. அதன் கூர்முனையைக் கொட்டாங்குச்சியிலோ சிறு கிண்ணத்திலோ ஊன்றிச் சுழற்றுவார்கள்.

நூல் உருவாகும் விதத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். இடது கையில் பஞ்சுத்திரி. அதிலிருந்து சில இழைகள் வெளியே வருகின்றன. கதிர் சுழலும்போது முறுக்கு அந்த இழைகளுக்குள் ஓடி ஏறுகிறது. முறுக்கு ஏற ஏற இழைகள் ஒன்றையொன்று இறுக அணைக்கின்றன; இழுத்தாலும் வழுக்கிப் பிரிய முடியாதபடி உராய்வு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. நூலின் வலிமை என்பது இந்தப் பிடிப்புதான். முறுக்கு குறைந்தால் நூல் கழன்றுவிடும், மிஞ்சினால் தானே சுருண்டு முடிச்சிட்டுக்கொள்ளும்.

கதிரின் நுட்பம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நூலைக் கதிரின் நுனியை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் நூல் நுனியிலிருந்து நழுவி விழும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. அதே நூலைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்தால் நழுவாமல் கதிரில் சுற்றிக்கொள்ளும். முறுக்குவதும் சுற்றி வைப்பதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே கோல் செய்கிறது. கையின் சாய்வு மட்டும் மாறுகிறது.

இந்தக் கருவி எவ்வளவு பழையது என்பதை வட்டுகளே சொல்கின்றன. மரக்கோல் மண்ணில் மக்கிப்போகும், கல்வட்டும் சுடுமண் வட்டும் நிலைத்திருக்கும். கலிலேயக் கடலுக்கு அருகே உள்ள நாகல் ஐன் கெவ் என்ற இடத்தில் நடுவில் துளையிட்ட கூழாங்கற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் பழைய அந்தக் கற்கள் கதிர்வட்டுகள் என்று 2024இல் வெளியான ஆய்வு வாதிடுகிறது. ஆய்வாளர்கள் அவற்றின் பிரதிகளைச் செய்து நூற்றும் பார்த்தார்கள். அவர்கள் கருத்து சரியென்றால், அச்சில் வட்டைக் கோத்துச் சுழற்றும் கலையை மனிதர்கள் வண்டிச் சக்கரத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அறிந்திருந்தார்கள்.

சிந்துவெளியில் இத்தகைய வட்டுகள் நிறையக் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டில் கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்திருக்கின்றன. கீழடியில் தக்களிகளுடன் கூரிய எலும்பு முனைகளும் நூலைத் தொங்கவிடப் பயன்பட்ட கற்களும் செம்பு ஊசியும் கிடைத்ததால், அங்கே நெசவு நடந்தது என்று தொல்லியல் துறை முடிவுக்கு வந்தது. சங்கப் பாடல்களில் நூல் நூற்பவர்கள் பருத்திப் பெண்டிர் எனப்படுகிறார்கள். ஆண்துணை இல்லாத வீட்டுப் பெண்கள் நூற்றுப் பிழைத்த செய்தியும் அவற்றில் உண்டு. பஞ்சும் கதிரும் இருந்தால் ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையிலேயே சம்பாதிக்கலாம் என்ற நிலை அதன்பின் இரண்டாயிரம் ஆண்டுகள் நீடித்தது.

தக்களியைப் படுக்கையாக வைத்து, அதை ஒரு பெரிய சக்கரத்தோடு கயிற்றால் இணைத்தால் ராட்டை. சக்கரத்தின் குறுக்களவு 50 சென்டிமீட்டரும், கதிரில் கயிறு ஓடும் இடத்தின் குறுக்களவு 1 சென்டிமீட்டரும் இருந்தால், கை ஒரு சுற்றுச் சுற்றும்போது கதிர் 50 சுற்றுச் சுற்றும். ஆனாலும் ராட்டையின் உயிர் கதிரில்தான். சக்கரம் சற்றுக் கோணலாக இருந்தாலும் நூற்கலாம். கதிர் மயிரிழை வளைந்தால்கூட முனை நடுங்கும், நடுங்கினால் நூல் அறும்.

ராட்டையில் ஒரு குறை இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கதிர்தான். ஒரு நெசவாளருக்கு வேண்டிய நூலைத் தரப் பலர் நூற்க வேண்டியிருந்தது. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே பறக்கும் நாடாவை அமைத்த பிறகு தறியின் வேகம் கூடியது, நூல் பஞ்சம் இன்னும் கடுமையானது. 1764ஆம் ஆண்டு வாக்கில் லங்காஷயரில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் எட்டுக் கதிர்களை நிமிர்த்தி வரிசையாக நட்டு, ஒரே சக்கரத்தால் சுழற்றினார். இதுவே ஸ்பின்னிங் ஜென்னி. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய அக்கம்பக்கத்து நூற்பாளர்கள் அவர் வீட்டில் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். அடுத்து ஆர்க்ரைட்டின் நீர்விசை இயந்திரம் 1769இலும், கிராம்ப்டனின் மியூல் 1779இலும் வந்தன. கதிர்கள் எட்டிலிருந்து நூறாயின, நூறிலிருந்து ஆயிரமாயின.

அந்த அச்சம் பொய்யாகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆலை நூல் இந்தியச் சந்தையில் வந்து குவிந்தபோது, கைத்தறி நெசவாளர்கள் அந்த நூலையே வாங்கி நெய்து ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். கையால் நூற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் பெண்கள். சங்கமும் பத்திரமும் இல்லாதவர்கள். அவர்கள் இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நெசவின் வீழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட அளவில் சிறு பங்குகூட நூற்பின் வீழ்ச்சியைப் பற்றி எழுதப்படாதது பெரிய குறை.

காந்தி ராட்டையைக் கையில் எடுத்ததன் பின்னணி இது. நூற்றவர்களின் கைக்குக் கதிரைத் திருப்பித் தர அவர் விரும்பினார். வேகம் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. விலை மலிவாக, கிராமத்திலேயே பழுதுபார்க்கக் கூடியதாக, நீண்ட நாள் உழைப்பதாக இருக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகுதான் அதற்கு நெருங்கிய ஒன்று வந்தது. அதைச் செய்தவர் தமிழ்நாட்டின் ஏகாம்பரநாதன். அவர் பெயரின் நடுவிலிருந்தே அம்பர் சர்க்கா என்ற பெயர் பிறந்தது. பல கதிர்களை ஒரே கைப்பிடியால் ஓட்டும் அந்த ராட்டை, ஆலையின் ரிங் ஃபிரேமை வீட்டுக்கு ஏற்பச் சுருக்கிய வடிவம். காதி நூற்பு மையங்களில் இன்றும் ஓடுவது இதன் வழிவந்த ராட்டைகளே.

ரிங் ஃபிரேம் என்ற இயந்திரத்தின் அடிப்படைக் கருத்து 1828இல் அமெரிக்காவில் ஜான் தார்ப் என்பவரிடமிருந்து வந்தது. இதில் கதிர் செங்குத்தாக நிற்கிறது. அதன் மேல் பாபின் மாட்டியிருக்கிறது. சுற்றிலும் ஒரு எஃகு வளையம். வளையத்தின் விளிம்பில் நகத்தளவுகூட இல்லாத ஒரு வளைந்த கம்பித்துண்டு கவ்விக்கொண்டு ஓடுகிறது. அதற்கு ட்ராவலர் என்று பெயர். நூல் அதனுள் புகுந்து பாபினுக்குப் போகிறது. கதிர் சுழலும்போது நூல் ட்ராவலரை இழுத்துக்கொண்டு ஓடும். ட்ராவலர் ஒரு சுற்று வந்தால் நூலில் ஒரு முறுக்கு. உராய்வினால் அது கதிரைவிடச் சற்றுப் பிந்துகிறது. பிந்திய அளவுக்கு நூல் பாபினில் சுற்றிக்கொள்கிறது. தக்களியில் கை சாய்வை மாற்றி மாற்றிச் செய்ததை இங்கே இரண்டு வேகங்களின் வித்தியாசம் இடைவிடாமல் செய்கிறது. நூற்பு வரலாற்றில் இதைவிட அழகான யோசனை வேறில்லை.

நிமிடத்துக்கு 16,000 சுற்று ஓடும் ஒரு கதிரை எடுத்துக்கொள்வோம். வளையத்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டர் என்றால், ட்ராவலர் மணிக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சிறு வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த உராய்வில் எழும் சூடே இந்த இயந்திரத்தின் வேகத்துக்கு வரம்பு. இவ்வளவு வேகம் இருந்தும் ஒரு கதிர் தரும் நூல் மிகக் குறைவு. 40ஆம் நம்பர் நூலுக்கு ஒரு அங்குலத்தில் சுமார் 25 முறுக்கு வேண்டும். 16,000 சுற்றை 25 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 640 அங்குலம், அதாவது 16 மீட்டர். எட்டு மணி நேர ஷிப்ட் முழுதும் நிற்காமல் ஓடினாலும் ஒரு கதிரிலிருந்து வருவது 115 கிராம் நூல். ஒரு வேட்டிக்குக்கூடப் போதாது.

ஆலைகளைக் கதிர் எண்ணிக்கையால் அளப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். நெல் ஆலையை டன்னில் சொல்வதுபோல், நூற்பாலையை ‘இருபத்தையாயிரம் ஸ்பிண்டில் மில்’ என்று சொல்கிறார்கள். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய ஆலையும், தாமிரபரணி ஓரம் விக்கிரமசிங்கபுரத்தில் அதற்கு முன்பே ஹார்வி சகோதரர்கள் நிறுவிய ஆலையும் தமிழ்நாட்டு நூற்பாலைகளின் முதல் வரிசை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் ஆலைகள் பெருகின. இன்று இந்தியாவிலேயே அதிக நூற்புக் கதிர்கள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. ஒரே ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் நிற்கின்றன. இயந்திரத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே, அறுந்த நூலை விரலால் பிணைத்துச் செல்லும் தொழிலாளி ஒரு ஷிப்டில் பல கிலோமீட்டர் நடந்துவிடுகிறார். ஓபன் எண்ட் என்ற வேறொரு நூற்பு முறையில் கதிர் கிடையாது. வேகமாகச் சுழலும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் முறுக்கு ஏறுகிறது. ஆனால் மெல்லிய, வழவழப்பான நூலுக்கு ரிங் கதிரே வேண்டியிருக்கிறது.

ஆலையை விட்டு வெளியே வந்தால் ஸ்பிண்டில் என்ற சொல் சுழலும் தண்டுக்குப் பொதுப்பெயராகிவிடுகிறது. லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் தண்டு அது. துளையிடும் இயந்திரத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் வெட்டுக்கருவியைச் சுழற்றும் தண்டு அது. அம்பாசமுத்திரத்தின் கடைசல் பட்டறைகளில் மரச்சொப்பு செய்பவர், சுழலும் மரத்தின் மீது உளியை வைத்து வட்டம் எடுப்பதும் இதே தத்துவம். பொருள் நேர்வட்டமாக வருமா என்பது தண்டு ஆட்டமில்லாமல் சுழல்வதைப் பொறுத்தது. தண்டில் உள்ள ஒவ்வொரு மைக்ரான் ஆட்டமும் வெட்டப்படும் பொருளில் பதிந்துவிடும்.

கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களில் இது இன்னும் நுட்பமான பிரச்சினை. அரை மீட்டர் நீள எஃகுத் தண்டு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 60 மைக்ரான் நீளும். ஒரு தலைமுடியின் தடிமனுக்கு அருகில் வருகிறது இது. அதனால்தான் பல பட்டறைகளில் காலையில் வேலை தொடங்குமுன் பொருள் எதையும் மாட்டாமல் ஸ்பிண்டிலைச் சிறிது நேரம் ஓடவிடுகிறார்கள். நீள வேண்டியது நீண்டு நிலைபெற்ற பிறகே முதல் பொருளை ஏற்றுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் நடுவில் உள்ள ஸ்பிண்டில் மோட்டார் பல மாதிரிகளில் தட்டுகளை நிமிடத்துக்கு 7,200 முறை சுழற்றுகிறது. தண்டும் அதன் உறையும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. பழைய பித்தளைக் குழாயில் கைப்பிடிக்குக் கீழே திருகும் தண்டும், கதவுக் கைப்பிடிகள் இரண்டை இணைக்கும் சதுரக் கம்பியும் ஸ்பிண்டில்தான். வாகனத்தில் முன்சக்கரம் சுழல்வதற்கு ஆதாரமான கட்டைத் தண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. இங்கே தண்டு நிற்கிறது, சக்கரம் சுழல்கிறது.

இனி நூல் நிறைந்த கதிர். அதன் வடிவத்தை லத்தீன் மொழியின் ‘ஃபூசுஸ்’ என்ற கதிர்ப்பெயரிலிருந்து வந்த சொற்கள் உலகெங்கும் கொண்டுசென்றன. விமானத்தின் உடற்பகுதிக்கான ஃபியூஸலேஜ் என்ற பெயர் அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மீனின் உடல், சில நுண்ணுயிர்கள், சில செல்கள் எல்லாம் அறிவியல் நூல்களில் கதிர்வடிவம் என்று விவரிக்கப்படுவதும் இதனால்தான்.

தசைக்கதிர் என்பது தசை இழைகளுக்கு நடுவே உறைக்குள் இருக்கும், சில மில்லிமீட்டர் நீளமுள்ள உணர்வு உறுப்பு. தசை எவ்வளவு நீட்டப்பட்டது என்பதை அது நரம்பு வழியே தெரிவிக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதைப்பது, தொடைத் தசையின் கதிர்கள் திடீர் நீட்சியை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்வதால்தான். கண்ணை மூடிக்கொண்டும் கை எங்கே இருக்கிறது என்று ஒருவர் அறிவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. தூக்கக் கதிர் என்பது உறுப்பு அல்ல, மூளை அலைகளின் வரைபடத்தில் தெரியும் ஒரு கோலம். ஆழ்ந்த தூக்கத்துக்கு முந்தைய கட்டத்தில் நொடிக்கு 11 முதல் 16 வரை என்ற கணக்கில் அலைகள் எழுந்து, பெருகி, தணிந்து ஓரிரு நொடிகளில் மறையும். தாளில் அவை நூல் சுற்றிய கதிர்போலவே தெரியும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது செல்லின் உள்ளே தோன்றும் கதிர். ஒரு செல் இரண்டாகும்போது அதன் குரோமோசோம்களும் சரிசமமாகப் பிரிய வேண்டும். ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் 1882இல் இந்த நிகழ்வை விவரித்து மைட்டாசிஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் நூலைக் குறிக்கும் ‘மிட்டோஸ்’ என்ற சொல்லே அதன் வேர். நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் நூல்போலவும், அவற்றைச் சூழ்ந்த அமைப்பு இரு முனையும் கூர்ந்த கதிர்போலவும் தெரிந்தன.

அந்தக் கதிர் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்களின் கற்றை. ஒரு குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர். மில்லிமீட்டரை நாற்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. குழல்கள் இரு துருவங்களிலிருந்து நீண்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் இருபுறமும் பற்றுகின்றன. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. 45 பற்றப்பட்டு ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் செல் காத்திருக்கிறது. கடைசி ஒன்றும் பிடிபட்டு இழுவிசை இருபுறமும் சமமான பிறகே பிரிகை நடக்கிறது. வேலை முடிந்ததும் கதிர் கலைந்துவிடும். இந்தக் காவல் தவறும்போது ஒரு செல்லுக்குக் குரோமோசோம் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். டவுன் நோய்க்குறிக்குக் காரணம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நேரும் இத்தகைய பிழையே.

கதிரைக் கலைக்கும் பொருள்கள் சில தாவரங்களில் இருக்கின்றன. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு கதிர் உருவாகாமல் செய்கிறது; இடைவிடாமல் பிரியும் புற்றுநோய்ச் செல்கள் பாதியில் நின்று மடிகின்றன. செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசின் இதே வேலையைச் செய்யும் பொருள். 1956இல் ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் மனிதச் செல்லின் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று எண்ணிச் சொல்ல முடிந்ததற்குக் கோல்ச்சிசின் உதவியது. கதிர் இல்லாததால் குரோமோசோம்கள் பிரியாமல் எண்ணுவதற்கு வாகாக நின்றன. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கவும் குரோமோசோம்களை இரட்டிக்க இதையே பயன்படுத்தினார்கள். மூட்டுவாத நோயான கவுட்டுக்கு இது மருந்து.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதி விவசாயிகள் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அந்த விதை மருந்து உற்பத்திக்குப் போகிறது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் புற்றுநோய்ச் செல் என்றும் நல்ல செல் என்றும் பார்ப்பதில்லை. குடல், எலும்பு மச்சை போன்று ஓயாமல் செல் பிரியும் இடங்களை அது முதலில் தாக்குகிறது. சிறிதளவு கிழங்கே உயிரைப் பறிக்கப் போதும். வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. வேலியில் செங்காந்தள் படர்ந்திருக்கும் வீடுகளில் அதன் கிழங்கும் காயும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.